காரில்லாக் குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

சென்னையில் கார் வாங்காமலோ, இருந்த காரை விற்றுவிட்டோ குடும்பம் நடத்துவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்களில் உள்ள கட்டணங்கள் எழுதும் நேரத்து நிலவரம்.

8 லட்சத்துக்கு ஒரு சின்ன கார் பார்த்து வைத்திருக்கிறோம். 2 லட்சம் கையில் இருக்கிறது. மீதிக்கு மாதம் 12,500 தவணை, 4,000 பெட்ரோல். இருவரும் சம்பாதிக்கிறோம், சமாளிக்கலாம். மாமனார்தான் வேண்டாம் என்கிறார். யார் கணக்கு சரி?
– வாசகர், குரோம்பேட்டை

கணக்கு போடும் முறையில் உங்களுக்கும் பிழை, தொகையில் மாமனாருக்கு வெற்றி.

தவணையைச் செலவாக எழுதக் கூடாது. அதில் அசலும் வட்டியும் கலந்திருக்கிறது. அசல் காராக வாசலில் நிற்கிறது. அந்தக் காரின் விலை எவ்வளவு கரைகிறது என்பதுதான் செலவு. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் காருக்கு மதிப்புப் போடும் அட்டவணையில் நாலு வருடம் தாண்டிய வண்டிக்கு 50 சதவீதம் கழிவு. அதாவது ஐந்தாம் வருட முடிவில் உங்கள் 8 லட்சம் ஏறக்குறைய 4 லட்சம். கரைந்த 4 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,667 ரூபாய். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 12,455, மொத்த வட்டி 1,47,300, மாதத்துக்கு 2,455.

இனி ஓட்டும் செலவு. மாதம் 600 கி.மீ., நகர நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. என்று வையுங்கள். 43 லிட்டர், சுமார் 4,300 ரூபாய். இன்ஷூரன்ஸ் சராசரியாக 1,700, சர்வீஸும் டயரும் சேர்த்து 800. எல்லாம் கூட்டினால் மாதம் 15,900 ரூபாய்க்குப் பக்கம். ஒரு கிலோமீட்டருக்கு 26 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள்வரி 13 சதவீதம். 8 லட்சம் ஷோரூம் விலை என்றால் 1,04,000 ரூபாய். அதையும், கையிலிருந்து போடும் 2 லட்சத்துக்கு வங்கியில் கிடைத்திருக்கக்கூடிய வட்டியையும், பார்க்கிங் வாடகையையும் நான் சேர்க்கவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காரைக் குறைவாக எடுத்தால் மிச்சம் என்று நினைப்போம். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டினால் செலவு 13,770-க்குத்தான் இறங்கும். ஆனால் கிலோமீட்டருக்கு 46 ரூபாய் ஆகிவிடும். நின்றாலும் தின்னும் மாடு அது. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் வைத்திருப்பவர்கள்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்த டாக்ஸியில் போகிறவர்கள்.

கார் இல்லாத அதே குடும்பத்துக்கு: மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாத பாஸ் ஒருவருக்கு, மனைவிக்கு ஒயிட் போர்டு (வெள்ளைப் பலகை வைத்த சாதாரணக் கட்டண) பஸ்ஸில் கட்டணமில்லை, மெட்ரோவுக்கு 1,000, ஆட்டோ, கால் டாக்ஸி பத்து சவாரிக்கு 2,000, மாதம் ஒருநாள் வாடகைக் காருக்கு 3,500. மொத்தம் 7,500. வித்தியாசம் 8,400 ரூபாய். அந்தத் தொகையைச் சேமிப்பில் போடச் சொல்லமாட்டேன். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

காரில்லாமல் இருப்பது என்று முடிவெடுத்து வாடகை வீடு தேடுகிறோம். தரகர் காட்டுகிற எல்லா வீடும் 'மெட்ரோவுக்குப் பக்கம்'தான். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, ராமாபுரம்

முதல் பதிலில் மிஞ்சிய 8,400 ரூபாயை வாடகையில் போடுங்கள். கார் இல்லாத வாழ்க்கை இனிக்குமா கசக்குமா என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. புறநகரில் 14,000 ரூபாய்க்குப் பெரிய வீடு எடுத்துவிட்டுப் பஸ்ஸைத் திட்டுவதைவிட, 20,000 ரூபாய்க்குச் சின்ன வீட்டை நிலையத்துக்கு அருகில் எடுப்பது லாபம்.

'பக்கம்' என்பதை நடந்து அளக்க வேண்டும். சாதாரண நடையில் பத்து நிமிடத்தில் 700 முதல் 800 மீட்டர் போகலாம். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தினமும் நடப்பீர்கள். பதினைந்து என்றால் முதல் மாதம் நடப்பீர்கள், பிறகு ஆட்டோ. இருபது என்றால் ஆறாம் மாதம் ஸ்கூட்டர் வாங்கிவிடுவீர்கள்.

வரைபடத்தில் தெரியும் 700 மீட்டரை நம்பாதீர்கள். நடுவே தண்டவாளமோ, ஜி.எஸ்.டி. சாலை மாதிரி தடுப்புச் சுவர் வைத்த சாலையோ இருந்தால், சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது என்பதுதான் தூரம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வழியை இரண்டு முறை நடந்து பாருங்கள். ஒருமுறை காலை எட்டரைக்கு; நடைபாதையை பைக்குகள் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. இன்னொரு முறை இரவு ஒன்பதரைக்கு. தெருவிளக்கு, நாய்கள், திறந்திருக்கும் கடைகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். வீட்டுப் பெண்கள் அந்த இரவு நடைக்குச் சரி என்று சொன்னால்தான் அது சரி.

அடுத்து, ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு வழிகள் வேண்டும். ஒரு தடத்தில் கோளாறு என்றால் இன்னொன்று ஓட வேண்டும். நங்கநல்லூரின் மேற்குப் பகுதியைப் பாருங்கள்: பழவந்தாங்கலில் மின்சார ரயில், தண்டவாளம் தாண்டிப் போனால் நங்கநல்லூர் ரோடு மெட்ரோ, அதே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ். கிண்டியிலும் பரங்கிமலையிலும் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில். தி.நகர்ப் பக்கம் என்றால், மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்த பிறகு, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தாமல் மாறிக்கொள்ள முடிகிறது.

பஸ்ஸை மட்டும் நம்பும் வீடு என்றால் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் 'நிறைய பஸ் வரும் சார்' என்ற சொல்லுக்கு வேறு மாற்று இல்லை. உங்கள் திசைக்கு மணிக்கு ஆறு பஸ் வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். இரண்டுதான் என்றால் அந்த நேரப்படி உங்கள் வீடே ஓட வேண்டும். பலகையில் எண்ணோடு 'கட்' என்று இருந்தால் அது பாதி வழியில் திரும்பும் கட் சர்வீஸ். அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. வரப்போகிற நிலையத்தை நம்பி இன்றைய வாடகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கி.மீ., மூன்று வழித்தடங்கள். பணி நடக்கும் இடத்தில் திறப்பு விழா வரை உங்களுக்குக் கிடைப்பது தடுப்புத் தகரமும் மாற்றுப்பாதையும்தான். திறந்த பிறகு வீடு மாறிக்கொள்ளலாம், வாடகைக் குடித்தனத்தின் ஒரே சுகம் அது.

அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். பாஸ், சீசன், மெட்ரோ கார்டு – எதை எடுப்பது? மூன்றையும் எடுத்தால் காசு வீண் என்கிறார் நண்பர்.
– வாசகர், அம்பத்தூர்

நண்பர் சொல்வது சரி, உங்களுக்கு இரண்டு போதும்.

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில். 20 கி.மீ. வரைக்கான மாதச் சீசன் 100 ரூபாய்; அதைவிட மலிவான போக்குவரத்து இந்த நகரத்தில் கிடையாது. சென்ட்ரலில் இறங்கி நீல வழித்தடத்தில் கிண்டி வரை மெட்ரோ. கட்டணம் 5 முதல் 12 கி.மீ. அடுக்கில் வருவதால் 30 ரூபாய். கார்டிலோ கியூஆர் டிக்கெட்டிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, 24 ரூபாய். போக வர 48. மாதம் 24 வேலை நாளுக்கு 1,152. சீசனோடு சேர்த்து 1,252 ரூபாய். கவுன்டரில் தினமும் டிக்கெட் எடுத்தால் மெட்ரோ மட்டுமே 1,440.

இரண்டாவது வழியையும் இப்போதே ஒருமுறை போய்ப் பழகிக்கொள்ளுங்கள். அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் திருமங்கலம், அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் ஆலந்தூர், மாறி அடுத்த நிலையம் கிண்டி. அலுவலகம் தொழிற்பேட்டைக்குள் என்றால் ஆலந்தூர் வரை போகவே வேண்டாம், ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கிவிடலாம். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் ரயில் பாதை வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாகப் போகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்த இரண்டுக்கும் இடையே 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறியதும் சென்ட்ரல் பக்கத்து ரயில்கள் நின்றுபோயின.

சீசனில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ரயில்வே செயலியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும். பழையது முடியும் நாளன்று காலையில் எடுத்தால் சிக்கல் இல்லை. முடிந்த மறுநாள் நடைமேடையில் நின்று நினைவுக்கு வந்தால் அன்றைக்குத் தனி டிக்கெட்தான். சாதாரண டிக்கெட்டையும் நிலையத்துக்குள் நின்றபடி காகிதமில்லாமல் எடுக்க முடியாது, ஜி.பி.எஸ். தடுத்துவிடும். தெருவிலேயே எடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

பஸ்ஸும் ரயிலும் மெட்ரோவும் கலந்து எப்போதாவது போகிறவர்களுக்கு 'சென்னை ஒன்' செயலி வசதி. 2025 செப்டம்பரில் வந்தது, மூன்றுக்கும் ஒரே கியூஆர். தினசரி ஒரே வழியில் போகிற உங்களுக்குச் சீசனும் கார்டும்தான் மலிவு. 1,000 ரூபாய் பஸ் பாஸ் ஒரே நாளில் மூன்று நான்கு பஸ் ஏறுகிறவர்களுக்கானது: விற்பனைப் பிரதிநிதி, டியூஷன் ஆசிரியர் மாதிரி. அது ஏ.சி. பஸ்ஸில் செல்லாது; அதற்கு 2,000 ரூபாய் பாஸ் தனி.

அரிசி, மளிகை, காய்கறி எல்லாம் எப்படித் தூக்கி வருவது?
– வாசகி, வில்லிவாக்கம்

கனமானது எதையும் நீங்கள் தூக்கக் கூடாது. 25 கிலோ அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன், 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர், எண்ணெய் டின் – கார் உள்ள வீட்டுக்கும் இவை வாசலுக்குத்தானே வருகின்றன? தெருமுனை மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் பையன் கொண்டுவந்து போடுவான். மீதமிருப்பது காய்கறி, வாரத்துக்கு ஐந்தாறு கிலோ. வேலையிலிருந்து வரும் வழியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வாங்கினால் கையில் இரண்டு கிலோதான். வாரச் சந்தையில் மொத்தமாக வாங்குவதென்றால் சக்கரம் வைத்த தள்ளுப்பை ஒன்று வாங்குங்கள். சக்கரம் பெரிதாக, ஐந்தங்குலமாவது இருக்கட்டும். சூட்கேஸ் மாதிரி குட்டிச் சக்கரம் நம் நடைபாதையில் முதல் கல்லிலேயே கழன்றுவிடும்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியவில்லை. 'உங்களுக்காகவாவது கார் வாங்க வேண்டும்' என்று அண்ணன் சொல்கிறார். அவசரம் என்றால் என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்வான காரிலிருந்து எழுந்திருப்பதும் கஷ்டம்தான், அண்ணனிடம் சொல்லுங்கள். இருக்கை உயரத்தில் ஆட்டோ அவர்களுக்குச் சுலபம். ஏறும்போது முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். டிரைவர் வண்டியை நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தினால் படி உயரம் பாதியாகிவிடும்.

மாநகரப் பேருந்தில் 2024-லிருந்து ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் படியே கிடையாது. நிறுத்தத்தில் வண்டியின் இடப்பக்கம் கொஞ்சம் தாழும். நடுக் கதவில் சக்கர நாற்காலிக்கான சாய்தளப் பலகை உண்டு, கையால் விரிப்பது. டிரைவர் கவனிக்கும்படி கை காட்டுங்கள். நடுச்சாலையில் நிறுத்தினால் தாழ்தளத்தால் பயனில்லை. நிறுத்தத்தில், விளிம்பை ஒட்டி வரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் எல்லா நுழைவாயிலிலும் இல்லை. சாலையின் எந்தப் பக்கத்தில் லிஃப்ட் என்று ஒருமுறை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலை அம்மாவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நடைமேடைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியும், நிற்கும் நேரமும் அவருக்குத் தோதில்லை.

சென்னையில் வசிக்கும் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மொத்தமாகத் தருகிறார்கள். குடும்ப அட்டை, வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டு போங்கள். அம்மா ஒயிட் போர்டில் ஏறினால் டோக்கனே வேண்டாம், பெண்களுக்கு அதில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. டோக்கனை மற்ற பஸ்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவசரம் என்றால் 108. சொந்தக் கார் இருந்தாலும் நெஞ்சுவலிக்கு 108-தான் சரி. வண்டியிலேயே ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்றவரும் இருக்கிறார்கள். நேரம் வீணாவது பெரும்பாலும் முகவரி சொல்வதில்தான். கதவு எண்ணில் பழையது புதியது இரண்டும், தெருப் பெயர், பக்கத்தில் தெரிந்த கோயிலோ பள்ளியோ, எந்தப் பக்கத்திலிருந்து வண்டி தெருவுக்குள் நுழைய முடியும் – இந்த நான்கையும் தமிழில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவையுங்கள். கூப்பிட்டதும் ஒருவர் தெருமுனைக்கு ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் தேவைப்படாத இரவுக் காய்ச்சல், வயிற்றுவலிக்கு, வீட்டுக்கு அருகில் வண்டி நிறுத்தும் ஆட்டோக்காரர் இருவரின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 முதல் 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்பது 2013 அரசாணையிலேயே இருக்கிறது. இருக்கிற மீட்டரே போடாத ஊரில் இதைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, தெரிந்தவரிடம் முன்பே தொகை பேசி வைப்பது மேல்.

வீட்டிலிருந்து ரயில் நிலையம் 2 கி.மீ. சைக்கிள் வாங்கினேன். மாதம் இரண்டு முறை பஞ்சர். கடைக்காரர் ஒட்டியதே மறுபடி விடுகிறது. சைக்கிளே தப்பான முடிவா?
– வாசகர், திருவொற்றியூர்

முடிவு சரி. காற்று குறைவாக ஓட்டுகிறீர்கள், அல்லது ஒட்டுப் போடுகிறவர் அவசரப்படுகிறார். இரண்டில் ஒன்று.

டயர் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். 26க்கு 1.75 டயரில் பொதுவாக 40-லிருந்து 65. கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாக அமுங்கினால் 30-கூட இல்லை என்று பொருள். காற்று குறைந்த டயரில் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை பக்கம் பக்கமாக விழும். உங்கள் டியூபில் அப்படி ஜோடி ஓட்டை இருந்தால் குற்றவாளி ஆணி அல்ல. வாரம் ஒருமுறை காற்றடித்தால் பாதிப் பஞ்சர் நின்றுவிடும்.

ஒட்டுவதை ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள், அரை மணி வேலை. வேண்டியவை: 15 நம்பர் ஸ்பானர், இரண்டு டயர் லிவர், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு, ஒரு பக்கெட் தண்ணீர். டயரை ஒருபக்கம் மட்டும் கழற்றி டியூபை உருவி, கொஞ்சம் உப்பலாகக் காற்றடித்து, தண்ணீரில் பகுதி பகுதியாக முக்குங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, துடைத்து உலர்த்துங்கள். பேட்ச்சைவிடப் பெரிய வட்டத்துக்கு, டியூபின் பளபளப்புப் போய் மங்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள்.

இங்கேதான் கடையில் தவறு நடக்கிறது. ஈரமாக இருக்கும்போதே பேட்ச்சை அமுக்கிவிடுகிறார்கள். சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் போன பிறகுதான் ரப்பர் ரப்பரைப் பிடிக்கும். ஈரத்தில் ஒட்டினால் கரைப்பான் அடியில் அடைபட்டு, வெயிலில் சைக்கிள் நிற்கும்போது ஓரம் தூக்கிக்கொள்ளும். ஐந்து நிமிடம் விடுங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டக் கூடாது. அப்போது பேட்ச்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மேலே கொஞ்சம் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டாது.

டியூபைத் திரும்பப் போடுமுன் பழைய துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். வெறும் விரல் வேண்டாம், குத்திவிடும். மாட்டிக்கொண்ட இடத்தில் முள்ளோ கம்பியோ இருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால்தான் 'ஒட்டியதே மறுபடி விட்டது' என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது பக்கத்தில் விழுந்த புது ஓட்டை. கடைசியாக டயரை ரிம்முக்குள் தள்ளும்போது இறுதி ஆறங்குலத்துக்கு லிவரைத் தொடாதீர்கள். கட்டைவிரல்தான். லிவர் டியூபைக் கிள்ளிவிடும்.

ஓட்டையே இல்லாமல் இரவோடு இரவாகக் காற்று இறங்கினால், பழைய மாடல் சைக்கிளில் வால்டியூபைப் பாருங்கள். வால்வுக்கு மேல் போர்த்திய அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருக்கும். சில ரூபாய்ப் பொருள். பையில் நான்கு துண்டு எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் ஊர் கடற்கரை. உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். நிலையத்தில் பூட்டும்போது பின் சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம்.

மின் சைக்கிள் யோசிப்பவர்களுக்கு ஒரு வரி: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருந்தால்தான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை.

மழைக்காலத்தில்?
– வாசகர், வேளச்சேரி

இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று அலுவலகத்திலேயே இருக்கட்டும். குடையைவிட இரண்டு துண்டு ரெயின்கோட் மேல். ஒற்றை அங்கியில் முழங்காலுக்குக் கீழே நனைந்துபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாலைச் சுரங்கப்பாதை வழியாகப் போகும் பஸ்ஸைத் தவிர்த்து, மேம்பாலம் வழியாகப் போவதைப் பிடியுங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடப் போகாதீர்கள்; திறந்த சாக்கடை மூடி மேலிருந்து தெரியாது.

ஊருக்குப் போக கிளாம்பாக்கம், விமானத்துக்கு மீனம்பாக்கம். இரண்டு பெட்டியோடு கார் இல்லாமல் போக முடியுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

விமான நிலையம் உங்களுக்குச் சுலபம். தண்டையார்பேட்டையில் ஏறினால் நீல வழித்தடம் நேராக விமான நிலையத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, மாறவே வேண்டாம். காலை 5 மணிக்கு முதல் வண்டி, இரவு 11-க்குக் கடைசி. அதிகாலை 7 மணிக்கு முன் கிளம்பும் விமானம் என்றால் மெட்ரோ உதவாது. டாக்ஸி சொல்லிவிடுங்கள், அதற்காக வருந்தவும் வேண்டாம். மின்சார ரயிலில் வருகிறவர்கள் திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடக்கலாம். ஒரு பெட்டிக்குச் சரி, இரண்டு என்றால் படியில் திணறுவீர்கள்.

கிளாம்பாக்கம்தான் யோசிக்க வேண்டியது. 2023 டிசம்பர் 30-ல் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்களுக்கு அதுதான் வாசல். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை அடைத்துக்கொள்ளும், அப்போது டாக்ஸியில் போகிறவரும் மாநகரப் பஸ்ஸில் போகிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். அந்த அடைப்பைத் தாண்டுவது ரயில் ஒன்றுதான். மெட்ரோவில் கிண்டி, அங்கே செங்கல்பட்டு பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிடாதீர்கள், பலகையைப் பார்த்து ஏறுங்கள். ஏ.சி. மின்சார ரயிலின் நேரத்துக்குப் பொருந்தினால் அதுவே பெட்டிக்கு நல்லது. குறைந்த கட்டணம் 35 ரூபாய், கூட்டம் கம்மி, கதவு மூடிக்கொள்ளும்.

மாதத்தில் ஒருநாள் கார் தேவைப்படுகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை நாள் வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார், டாக்ஸியைவிட மலிவு. எடுக்கலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: டிரைவரோடு வாடகைக்கு ஓடும் வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நாமே ஓட்டுவதற்கு வாடகைக்குத் தரும் உரிமம் பெற்றது. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் காசு கொடுத்து எடுத்துப் போய் விபத்து நடந்தால், வாடகைக்கு விட்டது தெரிந்ததும் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய்க்கு லட்சக்கணக்கில் வழக்கு.

டிரைவரோடு எடுப்பதென்றால், ஊருக்குள் 8 மணி நேரம், 80 கி.மீ. என்பது வழக்கமான பேக்கேஜ். மணி எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள்; வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதா, உங்கள் வாசலிலா. வெளியூர் என்றால் நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. கணக்கிடுவார்கள். காஞ்சிபுரம் போய் வர 150-தான் ஆனாலும் 250-க்கே பில் வரும், ஆகவே காஞ்சிபுரத்துக்கு ரயிலே மேல். டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் தனி. திருப்பதி, புதுச்சேரி என்று மாநில எல்லை தாண்டினால் பெர்மிட் யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வாங்குங்கள். எல்லையில் நிறுத்தினால் காத்திருப்பது நீங்கள்தான்.

நாமே ஓட்டும் வண்டியில், சாவி வாங்குமுன் நான்கு பக்கமும், சக்கரங்களும், பெட்ரோல் முள்ளும், கிலோமீட்டர் மீட்டரும் தெரிய வீடியோ எடுத்து அங்கேயே வண்டி தருபவருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. பணம் கட்டுமுன் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.